கசவுக் கரையும் கணினித் திரையும்

முன்னாளில் நம் ஊர் ஸ்டூடியோக்களில், கூரிய பென்சில் முனையால் நெகட்டிவின்மேல் முகத்து வடுக்களை மறைத்தும், கறுப்பு வெள்ளைப் படத்திற்குக் கையால் வர்ணம் தீட்டியும் வந்த வித்தைக்கு ‘டச்சப்’ என்று பெயர். பென்சிலின் இடத்தில் கணினி வந்துவிட்ட இக்காலத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கத்தில் காமிரா வாங்கிய இளைஞன் முதற்காரியமாகச் செய்வது, தெரிந்த கல்யாணப் போட்டோக்காரரிடம் சென்று எதில் எடிட் செய்யலாம் என்று கேட்பதுதான். அவரும் தயங்காமல் ‘ஃபோட்டோஷாப்’ என்பார். தொழிற்காரரின் கருவியையே பொழுதுபோக்காளனும் கைக்கொள்ளும் இவ்வழக்கம் எவ்வளவு தூரம் பிரயோஜனமுடையது என்பதே நம் விசாரணை.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. நோல் சகோதரர்கள் ஆக்கி 1990-இல் வெளிவந்த அம்மென்பொருளில் ஒரு சந்தேகம் எழுந்தால், அதைத் தீர்த்துவைக்கக் களியக்காவிளையிலும் ஆள் உண்டு, நெய்யாற்றின்கரையிலும் ஆள் உண்டு. அருகிருந்து கைபிடித்துச் சொல்லித்தரும் ஒருவர் இருப்பதற்கு ஈடான சௌகரியம் வேறில்லை.

ஆனால் தொழிற்காரரின் தேவை வேறு. ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் மணமக்களை வெட்டி ஒட்டுவதும், மண்டபத்துத் தூணை அழித்துவிட்டு அவ்விடத்தில் ஒரு மலையருவியை வைப்பதும் (அந்த அருவி எந்த தேசத்ததோ!) அவருடைய நித்திய கர்மங்கள். பூவாறுப் பொழிமுகத்தில் ஒரு மாலை முழுதும் நின்று நானூறு படம் எடுத்துவரும் பொழுதுபோக்காளனுக்கோ, அவற்றுள் ஐந்தைப் பொறுக்குவதும் அந்த ஐந்தின் ஒளியைச் சற்றே நேர்செய்வதுமே வேலை. இதற்கென்றே பிறந்தவை 2007-இல் வந்த லைட்ரூமும், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளும்.

இம்மென்பொருள்களின் திறத்தைச் சோதிக்க இவ்வட்டாரத்திலேயே ஓர் உரைகல் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் வழிவந்தவர்கள் நெய்யும் பலராமபுரத்துக் கைத்தறி தூய வெள்ளையன்று; வெளுக்காத நூலின் இளமஞ்சள் சாயை அதன் ஸ்வபாவம், பொன்னிறக் கசவு அதன் அலங்காரம். தானியங்கித் திருத்தம் இந்தச் சாயையை ஒளியின் குற்றமென்று எண்ணி நீக்க முற்படும். நானே ஒருமுறை, பெரியம்மை அக்கைத்தறிச் செட்டுமுண்டு உடுத்து நின்ற படத்தில் தானியங்கித் திருத்தப் பொத்தானை அழுத்தி, மூலத்தின்மேலேயே சேமித்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தவள், “இது நைலானா மக்களே?” என்றாள்.

ஆகவே, ஒரு மென்பொருள் என்னென்ன செய்யும் என்பதைவிட, செய்ததை விலக்கி மூலத்திற்குத் திரும்ப விடுமா என்பதையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்த மூலமும், காமிரா பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக இருப்பது நலம்: 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு வர்ணத்திற்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் 256 மட்டுமே. டார்க்டேபிள் மூலத்தைத் தொடாமல், திருத்தக் குறிப்புகளை அருகில் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. லைட்ரூமும் மூலத்தைத் தொடுவதில்லை. எனினும் சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாமே தவிர, திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பும் 2013-க்குப் பிறகு சந்தா வழிக்கே போயிற்று; மாதந்தோறும் கட்ட மனமில்லாதவர்கள் பூட்டுடைத்த நகலை நாடி, அதனோடு ஒட்டிவரும் வைரஸையும் வரவேற்கிறார்கள். காசில்லை என்பதும் காப்பாகாது. இலவசமாக இருந்த பிக்காசாவைக் கூகுள் 2016-இல் கைவிட்டபோது, அதையே நம்பியிருந்தவர்கள் வேறிடம் தேடவேண்டியதாயிற்று.

ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். கேரளத்துப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைத் தழுவியவை. எல்லைக்கு இப்பால் படிக்கும் பிள்ளை பாடப்புத்தகத்திலேயே ஜிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளைச் சந்திக்கிறான், ஆனால் பள்ளி முடிந்ததும் அதை மறந்துவிடுகிறான். குற்றம் முழுவதும் அவனுடையதன்று. செய்த மாற்றத்தைப் பின்னால் விலக்கிக்கொள்ளும் வடிகட்டிகள் ஜிம்ப்புக்கு 2025-இல் வந்த 3.0 பதிப்பில்தான் வாய்த்தன. டார்க்டேபிளோ பொறுமையைச் சோதிக்கும். அதன் பகுதிகளின் பெயர்களே முதல் வாரத்தில் ஒருவனை விரட்டிவிடும், அதில் செய்த திருத்தங்களை வேறொன்றில் அப்படியே திறக்கவும் இயலாது. இத்தனைக்கும் பின், கணினியும் ஒரு மாதப் பொறுமையும் உள்ளவனுக்கு நான் அதையே சொல்வேன். கைப்பேசி மாத்திரம் உள்ளவனுக்கு ஸ்னாப்சீட் போதும். கல்யாண வேலைக்கே போகிறவன் தாராளமாகப் போட்டோக்காரரைப் பின்பற்றலாம்.

பெரியம்மையின் செட்டுமுண்டு மட்டும் அந்தப் படத்தில் இன்றும் நீலம் பாய்ந்தே இருக்கிறது.