இரத்தினபுரியில் குழி மூடும் முறை

மாணிக்கக்கல் அகழ அனுமதிப்பத்திரம் எடுப்பவர் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் வைப்புப் பணம் கட்ட வேண்டும். வேலை முடிந்து குழியை நிரப்பிக் காட்டினால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். நிரப்பாமல் விட்டுப் போனால் சபை அதைக் கொண்டு தானே நிரப்பலாம். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை இது. கிளறிய நிலத்தைச் சரிசெய்யும் கடமையைப் பணத்தோடு முடிச்சுப் போட்டது நல்ல யோசனை. வெறும் எச்சரிக்கைப் பலகையால் நடக்காத காரியம் இதனால் நடக்கிறது. குருவிட்டப் பக்கமும் நிவித்திகலப் பக்கமும் அகழ்வு முடிந்த வயல்களில் மறுபடி நெல் விளைவதைக் காணலாம்.

மூடாத குழி செய்யும் கேடு ஊரறிந்தது. மழைநீர் தேங்கினால் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு முட்டையிடும். மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது உண்மை. ஆனால் நுளம்பு போய்விடவில்லை. புல் மூடிய குழிவாயில் பிள்ளைகளும் மாடுகளும் விழும் ஆபத்தும் உண்டு. ஆகவே மூடத்தான் வேண்டும். எப்படி மூடுகிறோம் என்பதில்தான் எனக்குக் குறை.

கையால் தோண்டும் ஒரு குழியை உள்ளே பார்ப்போம். மேலே செம்மண், அதன் கீழ் களி, அதற்கும் கீழே கல் கிடைக்கும் ‘இல்லம’ என்ற சரளைப் படை. பக்கச் சுவர் சரியாமலிருக்க இறப்பர் மரக் கட்டைகளைச் சட்டமாக அடித்து, இடுக்குகளில் கெக்கில்லப் பன்னத்தைத் திணிப்பார்கள். சரளைப் படை நீரோடும் படை. அதனால் குழி திறந்திருக்கும் வரை இயந்திரப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்குவது அதனால்தான். வேலை முடிந்ததும் வெளியே குவித்த மண்ணைத் தள்ளி மூடுவார்கள். செம்மண், களி, கழுவிய கல் எல்லாம் கலந்து விழும். எடுக்காமல் விட்ட கட்டைகள் உள்ளே உக்கும். களிப்படை இருந்த இடத்தில் இப்போது இருப்பது பொருபொருத்த மண். முன்பு மேல்நீரைத் தடுத்த மூடி போய்விட்டது. மாட்டுச் சாணமும் கக்கூசுக் குழி நீரும் தோட்டத்து உரமும் சரளைக்குள் நேரே இறங்க வழி திறந்தாயிற்று.

நச்சுப்பட்ட தொழிற்சாலை நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கும் முன், அங்கே நிலத்தடி நீரைக் கண்காணிக்கப் போட்ட குழாய்க் கிணறுகளை மூடுவதற்கு உலகில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடைசியாக நீர்மட்டம் அளப்பார்கள், மாதிரி எடுப்பார்கள். முடிந்தால் குழாயை உருவுவார்கள். பின் சீமெந்தும் பெண்டனைட் களியும் கரைத்த கூழை அடியிலிருந்து மேலே வரும்படி செலுத்தி அடைப்பார்கள். எந்த ஆழத்தில் எதைப் போட்டார்கள் என்று எழுதியும் வைப்பார்கள். மாணிக்கக் குழிக்கு இத்தனையும் தேவையில்லை, கட்டுப்படியும் ஆகாது. ஆனால் படையறிந்து மூடுவதும் மூடுமுன் அளப்பதும் இங்கும் செல்லும். நம் முறை மேல்மட்டம் சமமா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தருகிறது.

பணத்தின் அளவிலும் ஓட்டை இருக்கிறது. மூடும் செலவு வைப்புப் பணத்தை விடக் கூடினால், பணத்தை விட்டுவிட்டுப் போவதே இலாபம். அனுமதியில்லாமல் இரவில் தோண்டும் குழிக்கு வைப்புப் பணமே கிடையாது. தோட்டக் காணிகளில் நடக்கும் களவுத் தோண்டலில் இதுதான் கதி.

தோட்டம் என்றதும் எனக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயம்தான் முன்னே வருகிறது. பெல்மதுளை, கஹவத்தப் பக்கத்துத் தோட்டங்களில் பீலியையும் சரிவின் அடியிலுள்ள கிணற்றையும் நம்பி வாழும் சனம் பல தலைமுறையாக இருக்கிறது. அகழ்வுக்கு நிலச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். லயத்துச் சனத்துக்கு நிலம் சொந்தமில்லை, ஆகவே அவர்களை யாரும் கேட்பதில்லை. ஆனால் கீழே ஓடும் தண்ணீரைக் குடிப்பவர்கள் அவர்களே. கிணறு கலங்கினால் எங்கே போய் என்ன காட்டுவார்கள்? சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. வீட்டுக் கிணறுகளில் எடுத்த நீர்ச் சோதனைகள் அங்கே சாட்சியாக நின்றன. லயத்துக் கிணற்றின் முந்தைய நிலையை யாரும் எழுதி வைக்காதபோது அப்படி ஒரு சாட்சி எங்கிருந்து வரும்?

நான் கேட்பது பெரிய செலவில்லை. அனுமதி கொடுக்கும்போதே சுற்றியுள்ள கிணறு, பீலிகளைக் குறித்து நீர்மட்டம் அளக்கட்டும். மூடும்போது கட்டைகளை எடுத்து, களியைப் பிரித்து வைத்து, உரிய ஆழத்தில் இடித்து இறுக்கட்டும். குழிகள் நெருங்கிய வெளிகளில் ஒன்றையாவது முழுக்க மூடாமல், உறை இறக்கி மூடியிட்டுக் கண்காணிப்புக் கிணறாக வைக்கலாம். மாசி வெயிலில் சமமாகத் தெரியும் இடம் மே மாத மழையில் தாழ்ந்து குளமாவதுண்டு. அதனால் வைப்புப் பணத்தில் பாதியை ஒரு தென்மேற்குப் பருவமழை கழிந்த பிறகே திருப்ப வேண்டும். ஏழைத் தொழிலாளி பாதிக்கப்படுவான் என்று இதற்கு மறுப்பு வரும். குழியில் இறங்குபவன் கல் விற்ற பணத்தில் பங்கு வாங்குகிறான். வைப்புப் பணம் கட்டுவது அனுமதிப்பத்திரக்காரர். தாமதத்தின் சுமை அவருடையது. அதை அவர் தாங்கத்தான் வேண்டும்.