கொடுந்தமிழ்: ஒரு லத்தீன் தலைப்பை முன்வைத்து

வீரமாமுனிவர் என்று நாம் அறிந்த ஜோசப் பெஸ்கியின் புத்தகமொன்று 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. (லுத்தரன்களைக் கடுமையாகச் சாடி எழுதிய ஏசுசபைக்காரரின் நூலை லுத்தரன் மிஷன் அச்சகமே அடித்தது என்பது தனிக்கதை.) 'கிராமாத்திகா லத்தினோ-தமுலிகா' என்று தொடங்கும் அதன் நீண்ட தலைப்பு, இது தமிழின் 'வுல்காரிஸ்' வழக்கைப் பற்றியது, அவ்வழக்குக்குக் 'கொடுந்தமிழ்' என்று பெயர் என அறிவிக்கிறது. பேச்சுத்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம். நான் தமிழ் எம்.ஏ. படித்த இடத்தில் தேம்பாவணி இருந்தது, தொன்னூல் விளக்கம் இருந்தது, சதுரகராதி, பரமார்த்த குரு எல்லாம் இருந்தன. இந்த நூல் மட்டும் ஒரு மதிப்பெண் கேள்விக்கான விடையாக இருந்தது.

'கொடு' என்றால் வளைந்தது. 'செம்' என்றால் நேரானது. உரையாசிரியர்களிடம் கொடுந்தமிழ் என்பது செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கு. அதாவது பூகோளம். பெஸ்கியின் கையில் அது எல்லா ஊரிலும் எல்லாரும் பேசுகிற தமிழ் என்றாகிறது. எல்லையோரத்துச் சொல் வீட்டுக்குள்ளே வந்துவிடுகிறது. அதற்கு அவர் போட்ட லத்தீன் சொல் 'வுல்குஸ்' என்பதிலிருந்து பிறந்தது: ஜனங்கள், கும்பல். 1848இல் மேஹன் ஆங்கிலமாக்கியபோது அது 'காமன்' ஆயிற்று. வளைந்தது, கும்பலுடையது, பொதுவானது: மூன்றும் ஒன்றையா சுட்டுகின்றன? யார் எங்கே நின்றுகொண்டு யாருடைய பேச்சைப் பார்க்கிறார்கள் என்பது ஒவ்வொரு சொல்லிலும் மாறுகிறது. ஆங்கிலம் வழியாக மட்டும் வருகிறவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. 'காமன்' என்ற சொல் அதைத் துடைத்துவிட்டிருக்கும்.

பெஸ்கி இத்தாலிக்காரர். தாந்தே என்ற இன்னொரு இத்தாலியர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள்மொழியின் மேன்மையைப் பற்றி ஒரு நூல் எழுதினார், எழுதியது லத்தீனில். மக்கள்மொழிக்காக வாதாட, பண்டித மொழியில் போய் நிற்க வேண்டியிருந்த நிலைமை அது. நம்ம ஊரிலோ, பேசுகிற தமிழுக்கு இலக்கணம் எழுதலாம் என்ற யோசனையே புலவர் மரபுக்குத் தோன்றவில்லை. சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரத்தில் அச்சிட்டதும் லத்தீனில், பெஸ்கி எழுதியதும் லத்தீனில். இருவரும் மக்கள்மேல் கொண்ட காதலால் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிரசங்கம் பண்ண, ஆளைச் சேர்க்க, அந்தத் தமிழ் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தேவைதான் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வைத்தது.

"லத்தீன் படிச்சு என்ன பண்ணப் போறீங்க தோழர், பூசை வைக்கவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசையே தமிழுக்கு வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. நான் ஓய்வுபெற்ற ஒரு ஃபாதரிடம் அடிப்படை முடித்து, இப்போது சீசரின் 'காலியப் போர்' வாசிக்கிறேன். தொடக்க இலக்கணம் வரைக்கும் லத்தீன் என்பது வாய்பாடு. அதற்கு மேலேதான் விஷயம் இருக்கிறது. ஓர் உதாரணம்: பிறர் கூற்று.

தமிழில் ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே வைத்து, 'என்று' போட்டு மூடிவிடலாம். 'நாங்கள் போகமாட்டோம்' என்றான். அவனுடைய 'நாங்கள்' உயிரோடு இருக்கிறது. லத்தீனில் இதற்கென்று ஓர் அமைப்பு உண்டு: பேசியவனின் எழுவாய் இரண்டாம் வேற்றுமைக்குப் போய்விடும், வினைமுற்று எச்சமாகிவிடும். சீசர் தன் எதிரிகளின் பேச்சைப் பெரும்பாலும் இப்படித்தான் தருகிறார். ஹெல்வெத்தியரின் கிழத்தலைவன் திவிகோ ரோமானியர்களை மிரட்டுகிறான். ஆனால் அவன் வாயில் 'நாங்கள்' இல்லை, 'அவர்கள்' இருக்கிறது. சீசர் தன் பதிலையும் இதே அமைப்பில்தான் தருகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பிரதி முழுவதையும் சொல்லிக்கொண்டு போகிறவர் அவர். திவிகோவுக்கு வேறு பிரதி கிடையாது.

ஏழாம் புத்தகத்தில் ஒரு மாற்றம். கி.மு. 52, அலேசியா முற்றுகை. கோட்டைக்குள் தானியம் தீர்ந்துவிட்டது. கிரித்தொக்னாத்துஸ் என்பவன் எழுந்து பேசுகிறான். அங்கே சீசர் அவனுக்கு நீண்ட நேர்கூற்றைத் தருகிறார். ரோம் கொண்டுவருவது நிரந்தர அடிமைத்தனம் என்று அவன் தன் வாயாலேயே சொல்கிறான். அதே பேச்சில்தான், போருக்கு உதவாதவர்களின் உடலைத் தின்று உயிர் பிழைக்கலாம் என்றும் சொல்கிறான். அவனுடைய கொடூரத்துக்காகவே இந்தப் பேச்சை விடாமல் தருவதாகச் சீசர் முன்கூட்டியே அறிவிக்கிறார். நரமாமிசம் பேசும்போது எதிரிக்கு இவ்வளவு நீளமாக 'நான்' கிடைக்கிறது! சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் திவிகோவின் பேச்சையும் மேற்கோள்குறிக்குள் போட்டு நேர்கூற்றாக்கிவிடுகின்றன. வாசிக்கச் சுகமாக இருக்கும். யாருக்கு எப்போது குரல் தரப்பட்டது என்ற அரசியல் காணாமல் போயிருக்கும்.

ஆங்கிலத்தைச் சுற்றிவராமல் நேரே தமிழுக்கு வந்தால் சில வாசல்கள் திறக்கின்றன. 'உர்பே காப்தா' என்ற இரண்டே சொல். ஆங்கிலத்தில் இதை நீட்டி முழக்க வேண்டும். தமிழில் 'நகரம் பிடிபட' என்று முடித்துவிடலாம். இந்த லத்தீன் அமைப்பின் விதி, அதிலுள்ள பெயர் தலைமை வாக்கியத்தின் எழுவாயாக இருக்கக்கூடாது என்பது. நம் இலக்கணத்தில் 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொள்ளும். 'செய' என்னும் எச்சம் பிறிதொன்றின் வினையையும் கொள்ளும். மழை பெய்ய நெல் விளைந்தது. மழை வேறு, நெல் வேறு. உருவம் வேறானாலும் இரண்டு மொழியும் தீர்க்கிற சிக்கல் ஒன்றுதான். நோட்ஸில் மனப்பாடம் செய்து எழுதின அந்த விதி எதற்காக இருக்கிறது என்பது சீசரிடம் வந்துதான் எனக்குப் புரிந்தது.

'அதிகாரத்தின் மொழிதானே லத்தீன்?' ஆமாம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கொலைக்குற்றவாளிகூட 51ஆம் சங்கீதத்தின் முதல் வரியை லத்தீனில் வாசித்துக் காட்டினால் தூக்கிலிருந்து தப்பலாம். அதற்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர். ஒருவனைக் கொன்ற நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598இல் இந்தச் சலுகையில்தான் பிழைத்தார். கட்டைவிரலில் சூடு மட்டும் போட்டார்கள். வாசிப்புச் சோதனை 1706இல்தான் ஒழிந்தது.

இதைப் படித்தபோது எங்கள் உத்திரமேரூர்ச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்தது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பிரதமர்வரை மெச்சிய 'ஜனநாயகம்'. ஓலையில் பெயர் எழுதப்பட வரி கட்டும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35க்கு மேல் 70க்குள் வயது வேண்டும், மந்திரபிராமணம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் விளக்கத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். பாஷ்யத்தின் விலை, பாதி நிலம்! சதுர்வேதிமங்கலத்தில் சேரிக்காரருக்கு அந்தப் பாஷ்யம் எங்கே கிடைத்திருக்கும் என்பதைக் கல் சொல்லவில்லை. விழா மேடைகளில் முதல் பாதியைச் சொல்கிறார்கள். இந்த வரிக்கு யாரும் வருவதில்லை. சுவரையும் மூலத்தில்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கடினமான இலக்கணம் மேல்சாதிக்காரன் சரக்கு, நமக்கு எளிமை போதும் என்ற பேச்சு நம் தோழர்களிடமே வரும்போது எனக்கு உடன்பாடில்லை. சார்தீனியாவின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து தூரின் நகரத்தில் மொழியியல் படித்த கிராம்சி, சிறைக்குறிப்புகளில் இதைப் பேசுகிறார். லத்தீனை யாரும் பேசுவதற்காகப் படிப்பதில்லை, அதை அறுத்துப் பார்க்கிற பழக்கம் வேறெங்கும் கிடைக்காதது, 1923இன் கல்விச் சீர்திருத்தம் உழைப்பாளிப் பிள்ளைகளுக்கு நல்லதைவிடக் கெட்டதையே செய்யும் என்பது அவர் வாதம். லத்தீனுக்குப் பதில் வேறொன்றை வைத்தாக வேண்டும், அது லேசில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். இங்கே அந்த இடத்தில் எதை வைப்பது? நன்னூலை வைக்கலாம், ஒப்பிக்காமல் அறுத்துப் பார்க்கத் தந்தால். நான் வினையெச்சத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கம் சீசர், ஒரு பக்கம் நன்னூல். இரண்டும் முடிந்ததும் பெஸ்கியின் கொடுந்தமிழ், மேஹனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.