மெல்லிய யந்திரம்

ஒரு பொருளை வாங்கினவனிடம் அதைப் பற்றி அபிப்பிராயம் கேட்பது, கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளையிடம் மாமியாரைப் பற்றிக் கேட்பது போலத்தான். அவன் பொய் சொல்ல மாட்டான். ஆனால் சொல்வதற்கு அவனிடம் இன்னும் உண்மை சேர்ந்திருக்காது. மலிவு விலை லேப்டாப்பைப் பற்றி வாங்கினவர்கள் தரும் நற்சாட்சிகளை ஒரு வாரமாக உட்கார்ந்து படித்தேன். "எடை தெரியவே இல்லை", "பார்க்க அழகு", "கொடுத்த காசுக்கு மோசமில்லை". எல்லாம் பத்து நாள் அனுபவம். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு ஆட்சேபம் உண்டு. முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நாவலுக்கு மதிப்புரை எழுதுகிற காரியம் இது.

குற்றம் சாட்டுகிற நானே குற்றவாளிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் நானும் அப்படி ஒன்று வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். பெயர் மாறினாலும் ஜாதி ஒன்றுதான். ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகம். ஒரு தீபாவளி மலரின் கனம்கூட இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் சென்னைக் கடற்கரை போய்ச்சேர ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். உட்கார இடம் கிடைத்த நாட்களில் ஒரு அத்தியாயத்தில் பாதி ஓடிவிடும். விசிறி இல்லை; சத்தம் இல்லை; சூடும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டவர்களிடமெல்லாம் அதன் புகழ் பாடினேன்.

அதைக் கேட்டவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. மகள் அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்திருந்தாள். "நீங்க சொன்னா சரிதான் ஸார், நீங்களே வச்சிருக்கீங்களே" என்றார். பதினேழாயிரம் ரூபாய், பத்து மாதத் தவணை. அன்றைக்கு அவர் வீட்டில் எனக்குக் கேசரி கொடுத்தார்கள். அந்தக் கேசரி இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

இரண்டாம் வருஷம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பெண் யந்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இடம் இல்லன்னு சொல்லுது அங்கிள். நாளைக்கு ப்ராஜக்ட் கொடுக்கணும்." இடம் அடைக்க அவள் என்ன வைத்திருந்தாள் என்று பார்த்தேன். நாலைந்து பாடப் புத்தகங்கள், பரீட்சைக் குறிப்புகள், அண்ணன் கல்யாணப் போட்டோக்கள். அவ்வளவுதான். மற்ற இடத்தையெல்லாம் யந்திரம் தனக்காகவே எடுத்துக்கொண்டிருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான். பெட்டியின் மேல் 64 ஜி.பி. என்று போட்டிருக்கும். திறந்து பார்த்தால் விண்டோஸ் காட்டுவது 60க்கும் கொஞ்சம் கீழே. இரண்டு பேரும் வேறு வேறு படியால் அளக்கிறார்கள். அதில் பாதிக்கு அருகே விண்டோஸே விழுங்கிவிடும். பிறகு அவ்வப்போது வந்து இறங்குகிற புதுப்பிப்புகள், சம்பந்தி வீட்டார் மாதிரி, தங்கிப் போகவும் இடம் கேட்கும். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது அதற்குக் குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோஸாஃப்ட் அறிவித்தது 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும். மலிவு யந்திரத்தில் இருப்பதும் அதே 4, அதே 64. குறைந்தபட்சம் என்பது வாசற்படி. வாசற்படி அளவுக்கே வீடு கட்டி விற்றால் குடும்பம் எங்கே படுப்பது?

உள்ளே இருக்கிற சில்லும் அப்படித்தான். இந்த வகையில் அடிக்கடி காணப்படும் இன்டெல் செலரான் என்4020 வெறும் 6 வாட்டில் வேலை செய்வது. அதனால்தான் விசிறி தேவைப்படவில்லை. நான் மெய்சிலிர்த்த அந்த மௌனம் பலவீனத்தின் மௌனம். தட்டச்சு செய்கிற கிழவனுக்கு அது போதும். ப்ரோகிராம் எழுதி, பத்துப் பக்கங்களை ஒரே சமயத்தில் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிற பெண்ணுக்குப் போதாது. என் அனுபவமும் அவள் அனுபவமும் ஒன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததுதான் பெரிய பிசகு.

மறுநாள் காலை ஜி.எஸ்.டி. ரோட்டில் பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். சின்னக் கடை, சின்ன வயசுப் பையன். யந்திரத்தைத் திருப்பிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். "மெமரி ஏத்த முடியாது ஸார். சேமிப்புச் சில்லையும் போர்டோட சேர்த்துப் பற்ற வச்சிருக்கான். பாட்டரியும் ஒட்டினதுதான். இது திறக்கிற சாமான் இல்ல, ஒட்டின சாமான்" என்றான்.

எங்கள் ஊர்க் கோயிலில் மலையைக் குடைந்த கருவறையில் நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார். அர்ச்சகர் தீபாராதனையின்போது திருமண்ணை உயர்த்தி நெற்றிக்கண்ணைக் காட்டுவார். அது தெரிந்துதான் ஜனங்கள் வருகிறார்கள். கடையில் லேப்டாப் வாங்குகிறபோது அப்படித் தூக்கிக் காட்ட யாரும் இல்லை. நினைவகம் பற்றவைத்ததா, மாற்றக்கூடியதா என்று விளம்பரத்தில் தேடிப் பாருங்கள். எடை இருக்கும், தடிமன் மில்லிமீட்டரில் இருக்கும், நிறத்துக்கு ஒரு கவித்துவமான பெயரும் இருக்கும். இது மட்டும் இருக்காது.

தமிழில் இதற்கு 'மடிக்கணினி' என்று பெயர் வைத்தவர்கள் மடியில் வைப்பதையும் மடிப்பதையும் நினைத்தார்கள். மூன்றாவது அர்த்தம் இப்போதுதான் பொருந்துகிறது: மடி, ஆசாரம். யாரும் தொடக் கூடாது.

இந்த ஆசாரம் பெரிய வீட்டில் பிறந்தது. 2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறையிலிருந்து மாக்புக் ஏரை உருவி எடுத்தார். உலகம் கை தட்டியது. அதன் நினைவகமும் பற்றவைத்ததுதான். ஆனால் 1,799 டாலர் கொடுத்து வாங்குகிறவன் அலுத்துப்போனால் வேறு வாங்கிக்கொள்வான். அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2007இல், தைவானின் ஏஸஸ் கம்பெனி ஈ பி.ஸி. என்று 7 அங்குலத் திரையோடு, ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் ஏழைப் பங்காளனாக ஒன்றை விற்றது. மெலிவும் மலிவும் அதற்கப்புறம் கல்யாணம் செய்துகொண்டன. நம் நாட்டில் 2023 ஜூலையில் ஜியோபுக் 16,499 ரூபாய்க்கு அறிமுகமானபோது எடை 990 கிராம். நினைவகம் 4, சேமிப்பிடம் 64. விண்டோஸைச் சுமக்காமல் தனக்கென்று இலேசான ஒரு இயங்குதளத்தோடு வந்தது என்ற அளவில் அதைப் புத்திசாலித்தனம் என்றுகூடச் சொல்வேன்.

என் குறை மெலிவின் பேரில் இல்லை. பணக்காரன் மூன்று வருஷத்தில் தூக்கிப் போடுகிற பொருளின் வடிவத்தை, ஏழு வருஷம் வைத்துக் காப்பாற்ற வேண்டியவன் தலையில் கட்டுகிறார்களே, அதன் பேரில்தான். அவனுக்கு வேண்டியது அரை கிலோ குறைவு அல்ல. நாலு திருகாணி.

அன்றைக்குக் கடையில் அந்தப் பெண் திடீரென்று கேட்டாள்: "அண்ணனோட கவர்மெண்ட் லேப்டாப் பரண்ல கிடக்குது. அதைப் பார்க்கலாமா?"

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் பெற்றார்கள். அவளுடைய அண்ணன் 2017இல் வாங்கியது அதில் ஒன்று. கருப்பாக, தடிமனாக, இரண்டு கிலோவுக்கு மேல். ஓட்டுச் சரக்கு என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். பையன் அதைக் கவிழ்த்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றினான். நினைவகம் தனியே வந்தது. ஹார்டு டிஸ்க் தனியே வந்தது. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றை வைத்தான். நினைவகத்தை இரட்டிப்பாக்கினான். இந்த வயசில் விண்டோஸ் 11 இதை ஏற்காது என்று சொல்லி லினக்ஸ் போட்டான். நாலாயிரத்துக்குள் முடிந்தது. பாட்டரி மட்டும் போனது போனதுதான். செருகி வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ப்ராஜக்டுக்கு வாத்தியாரிடம் இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கி, அதில்தான் முடித்தாள்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டாப்லெட் தருவதாக அறிவித்தது. அதைக் குறித்து நடந்த பேச்சில் திரை எத்தனை அங்குலம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அடிபட்டது. 20 லட்சம் வீடுகளில் ஐந்தாம் வருஷம் யார் எதைக் கழற்றி மாட்டுவார்கள் என்பதுதான் நான் கேட்க நினைப்பது. பரணிலிருந்து இறங்கிய அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்திராவிட்டால் எனக்கும் இது தோன்றியிருக்காது.

தெருக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லா எழுத வருதுல்ல ஸார் அதுல, உங்களுக்கு?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார். பரிகாசமா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே விசாரித்தார். தவணை அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவர்களுடைய மெல்லிய யந்திரத்தை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. இப்போது அதில் அவர் மனைவி சீரியல் பார்க்கிறாள். அதற்கு அது நன்றாகவே இருக்கிறதாம்.

என்னுடையதும் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அதில்தான், பரனூர் தாண்டி வண்டி சிக்னலுக்காக நின்றபோது, எழுதி முடித்தேன்.