திறவுகோல் யார் கையில்?

ஓலைச்சுவடிகள் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்கு முன் பல இடங்களிலிருந்தும் ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஓர் ஏட்டில் சிதைந்திருந்த அடி மற்றோர் ஏட்டில் முழுமையாக நின்றது. நூல் ஓரிடத்தில் மட்டும் இராமல் வீடுகளிலும் மடங்களிலும் பரவிக் கிடந்தமையே அதனைக் காத்தது. ஆயின், அதே காலத்தில் ஆற்றில் விடப்பட்டும் செல்லரித்தும் அழிந்த சுவடிகள் எத்தனை! அவையும் பரவிக் கிடந்தவைதாம். அவற்றை வைத்திருந்தோரிடம் படியெடுத்துக் காக்கும் நெறி அற்றுப்போயிருந்தது. பரவியிருத்தல் வேறு, பேணப்படுதல் வேறு. இந்த வேறுபாட்டை உரைகல்லாகக் கொண்டு, இன்று பெரிதும் பேசப்படும் மையமற்ற சமூக ஊடகங்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழந்த முற்றம்

மலேசியத் தமிழர்க்கு இணையம் புதிதன்று. 2001ஆம் ஆண்டிலேயே தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. நம் பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தொலைவில்லாத சுங்கைப்பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் ஜெயபாரதி, ‘அகத்தியர்’ என்னும் குழுமத்தை யாகூ நிறுவனத்தின் இடத்தில் நடத்தினார். இலக்கியம், வரலாறு, சமயம் எனப் பல துறைகளில் அங்கே உரையாடல் நிகழ்ந்தது. அதைப்போல் வேறு பல தமிழ்க் குழுமங்களும் அந்நிறுவனத்தின் திண்ணையில் அமர்ந்தே பேசின. திண்ணை நம்முடையது என்று எண்ணினோம். வீடு மற்றவருடையது என்பதை மறந்தோம்.

2019ஆம் ஆண்டு அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருந்தவற்றை நீக்கப்போவதாக யாகூ அறிவித்தது. 2020 டிசம்பரில் அச்சேவையே நின்றது. இதே நிறுவனம் 2009இல் ‘ஜியோசிட்டீஸ்’ என்னும் இலவச இடத்தை மூடியபோதும் எண்ணற்ற தனிமனிதப் பக்கங்கள் மறைந்தன. விழிப்புடையோர் சிலர் தம்மால் இயன்றதை எடுத்துவைத்தனர், எஞ்சியது போயிற்று. உறுப்பினர் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. கேட்கவேண்டிய கடப்பாடு நிறுவனத்திற்கும் இருக்கவில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. நமக்கு அது பேரிழப்பே. எனினும் அதில் வந்த கதையைக் கத்தரித்து ஒட்டிவைத்தவர் வீட்டில் அக்கதை இன்றும் இருக்கும். அச்சிதழ் நின்றால் இனி வருவதை இழக்கிறோம். வழங்கிக் கணினி நின்றால் இதுவரை வந்ததையும் சேர்த்து இழக்கிறோம்.

புதிய ஏற்பாடும் அதன் குறையும்

ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் இந்நிலைக்கு மாற்றாக எழுந்ததே மையமற்ற ஊடகம். ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ என்னும் இளைஞர் 2016இல் வெளியிட்ட ‘மாஸ்டடான்’ இதற்குத் தக்க சான்று. இதன் மென்பொருள் எவர்க்கும் உரியது. சர்வர் எனப்படும் வழங்கியை எவரும் நிறுவலாம். ஒரு வழங்கியில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேசலாம். இதற்குரிய பொது இலக்கணத்தை உலகளாவிய வலைத் தர அமைப்பு 2018 ஜனவரியில் ஏற்றது. 2022 அக்டோபரில் டுவிட்டர் கைமாறியபோது பெருந்தொகையினர் இங்கே குடிபெயர்ந்தனர்.

இவ்வேற்பாட்டின் சிறப்பை நம்மூரார் எளிதில் உணர்வர். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது, 2014இல் இரண்டாம் பாலம் வந்தது, படகுத்துறையும் இருக்கிறது. ஒரு வழி அடைபட்டால் மறுவழி உண்டு. மாஸ்டடானிலும் ஒரு வழங்கி நின்றால் ஊடகம் முழுதும் நின்றுவிடாது.

ஆனால் நின்ற அந்த வழங்கியில் குடியிருந்தவர் கதி என்ன? அதே 2022 அக்டோபரில், ‘மாஸ்டடான் டெக்னாலஜி’ என்னும் வழங்கியைத் தனியொருவராக நடத்தியவர், இனித் தம்மால் தொடர இயலாது என்று அறிவித்தார். ஆண்டு முடிவதற்குள் அது மூடப்பட்டது. அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. முன்னறிவிப்புத் தந்து முறையாகவே விடைபெற்றார். எனினும், வேறு வழங்கிக்குச் செல்பவர் தம்மைப் பின்தொடர்வோரை அழைத்துச் செல்லலாமே அன்றித் தாம் எழுதியவற்றை அங்கே கொண்டுசென்று வைக்க இயலாது என்பது இவ்வமைப்பின் பெருங்குறை. உறவு பெயர்கிறது, எழுத்துப் பெயர்வதில்லை. எழுத்தாளனுக்கு இது சிறு செய்தியன்று.

மற்றொரு குறையும் உண்டு. ஒரு வழங்கியின் பொறுப்பாளர் வேறொரு வழங்கியோடு தொடர்பை அறுத்துவிடலாம். ஒருவரை வெளியேற்றவும் செய்யலாம். வசையையும் வெறுப்பையும் தடுக்க இவ்வதிகாரம் வேண்டியதே. ஆனால் தவறாக வெளியேற்றப்பட்டவன் எவரிடம் முறையிடுவான்? ஒரு பேரரசனுக்குப் பதில் நூறு சிற்றரசர் வந்தால் அது குடியாட்சி ஆகிவிடுமா?

நெறியே அடித்தளம்

ஆகவே, நம்பகம் என்பது இயந்திரத்தின் வலிமையைப் பொறுத்தது மட்டுமன்று. ஆளும் நெறியைப் பொறுத்தது. உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். குடவோலை என்றதும் தேர்தலை மட்டும் பேசி முடித்துவிடுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கலாகாது என்பதும், அண்மையில் பதவி வகித்தவர் உடனே திரும்ப வரலாகாது என்பதும் அக்கல்வெட்டின் உயிர்ப்பகுதிகள். அச்சபை நிலமுடைய அந்தணர்க்கே உரியதாய் இருந்தது. அதனை முழுமையான மக்களாட்சி எனப் போற்றுவது மிகை. ஆயினும் பதவிக்குக் காலவரையறை, பணத்திற்குக் கணக்கு என்னும் இரண்டும் இன்றைய வழங்கிக்கும் பொருந்துகின்றன.

மாஸ்டடான் அமைப்பும் அனுபவத்தால் இதை உணர்ந்துள்ளது. தன் பட்டியலில் இடம்பெற விரும்பும் வழங்கிகளுக்கு அது ஓர் உடன்படிக்கை வகுத்துள்ளது: நாள்தோறும் படியெடுத்தல் வேண்டும், நெருக்கடியில் உள்ளே செல்ல இரண்டாம் ஒருவர் கையிலும் திறவுகோல் இருத்தல் வேண்டும், மூடுவதாயின் மூன்று மாதம் முன்னரே அறிவித்தல் வேண்டும், இனவெறிப் பேச்சை இடங்கொடாது கண்காணித்தல் வேண்டும். ரோக்கோவும் 2025 ஜனவரியில், தம் அமைப்பின் உடைமையைத் தனிமனிதர் கையில் வையாது இலாபநோக்கற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தார். ‘சோஷியல் கோஆப்’ என்னும் வழங்கி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் உறுப்பினர் சந்தா செலுத்துகின்றனர். வாக்களித்து முடிவு செய்கின்றனர். வரவுசெலவு வெளிப்படையாக வைக்கப்படுகிறது.

கூட்டுறவு நமக்கு அயலதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் செலுத்தித் தோட்டங்களுக்கே உரிமையாளர் ஆயினர். நிலத்துக்குச் செய்ததை எழுத்துக்குச் செய்ய நம்மால் இயலாதா?

நம் குறை

‘குழு அமைத்தால் சண்டைதான் மிஞ்சும், ஆர்வமுள்ள ஒருவரே நன்றாக நடத்துவார்’ என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழ் முயற்சிகள் பலவும் தனியொருவரின் உழைப்பால் எழுந்தவையே. ஆயின் அவ்வொருவர் நோயுற்றால், சலிப்புற்றால், மறைந்தால்? நானும் இதற்கு உடந்தையாய் இருந்தவன். ஆசிரியர் சிலராகச் சேர்ந்து மாணவர் கவிதைகளைத் தொகுத்து இணையத்தில் ஏற்றினோம். திறவுசொல் ஒருவரிடமே இருந்தது. அவர் மாற்றலாகிச் சென்றார், ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படவில்லை, பக்கம் மறைந்தது. ஒரு மாணவி, ‘ஐயா, என் கவிதை எங்கே?’ என்று கேட்டாள். கையெழுத்துப் படிகளையும் நாங்கள் வைத்திருக்கவில்லை. பிழை இயந்திரத்தினுடையதன்று, எங்களுடையது.

ஆதலால், எழுத்தை ஓரிடத்தில் ஏற்றுமுன் நான்கு வினாக்களைக் கேட்க மாணவரைப் பழக்குவோம். திறவுகோல் எத்தனை பேரிடம் உள்ளது? கணக்கை யார் காண்கிறார்? முறையீட்டை யார் கேட்கிறார்? படி வேறெங்கே இருக்கிறது? இவற்றுக்கு விடையளிக்க இயலாத இடம், பெருநிறுவனமாயினும் சிறு வழங்கியாயினும், நம் சங்கத்தின் சொந்தப் பக்கமேயாயினும், நம்பத்தக்கதன்று.

ஏடு காத்த முன்னோர் சிலரே. அந்தச் சிலரால்தான் சிந்தாமணி நம் கைக்கு வந்தது. அம்மாணவியின் கவிதை சிந்தாமணி அன்று. ஆயினும் அவளுக்கு வேறு கவிதை இல்லை. அதைக் காப்பது யார் கடமை என்பதை நாமே முடிவு செய்தல் வேண்டும்.