சலூன் நாற்காலியில் ஒரு திருகு

முடி வெட்டி, ஷேவிங் முடித்து, பவுடர் பூசிய பிறகு அந்தக் கேள்வி வரும்: "லேசா நெட்டி எடுத்து விடட்டுமாண்ணே?" பதில் வருவதற்குள் ஒரு கை மோவாயைப் பிடித்திருக்கும், இன்னொரு கை உச்சந்தலையில் இருக்கும். இடப்பக்கம் ஒரு திருகு, வலப்பக்கம் ஒரு திருகு. சடசடவென்று சத்தம். பல கடைகளில் இதற்குத் தனிக் காசு கூட வாங்குவதில்லை. கழுத்துவலிக்கென்று நம்மூர் ஆண்கள் பலர் வாழ்நாளில் எடுத்துக்கொள்ளும் ஒரே வைத்தியம் இதுதான்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நாவிதர்கள் ஒரு காலத்தில் ரணவைத்தியமும் செய்தவர்கள். அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயரே உண்டு. திருகலுக்கு முன்னால் தோளையும் பிடரியையும் அவர்கள் பிசைந்துவிடும் விதத்தில் பழகிய கையின் பக்குவம் தெரியும். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னாலோ கணினி முன்னாலோ குனிந்திருப்பவரின் தோள்பட்டைத் தசை கட்டையாக இறுகிக் கிடக்கும். அது தளரும்போது கிடைக்கும் சுகம் கற்பனையல்ல. திருகலிலும் பலன் இல்லாமல் இல்லை. மூட்டு சட்டென்று இழுபடும்போது சுற்றியுள்ள தசைகள் கொஞ்ச நேரம் இளகுகின்றன, கழுத்து முன்பைவிடச் சுலபமாகத் திரும்புகிறது.

ஆய்வுகளும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கின்றன. 2012இல் அமெரிக்காவில் கழுத்துவலிக்காரர்கள் 272 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, பயிற்சி பெற்றவர்களிடம் கழுத்தெலும்பைத் திருகும் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. ஓரிரு அமர்வுகளில் எளிய உடற்பயிற்சி கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்துவந்தவர்கள் அவர்கள். அவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அப்படியென்றால் திருகலால் கிடைக்கும் நன்மைக்குத் திருகல்தான் வேண்டும் என்பதில்லை.

பிறகு ஏன் அதன்மீது இத்தனை நம்பிக்கை? சத்தம்தான் காரணம். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் ஓசை என்றே பலரும் நினைக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. படம் எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். மூட்டின் இரு பரப்புகளும் பிரியும் நொடியில் உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக்குழி ஒன்று உண்டாகிறது; ஓசை அப்போது எழுகிறது. எந்த எலும்பும் எங்கேயும் போய் உட்காரவில்லை. ஒருமுறை சொடுக்கிய மூட்டு சுமார் இருபது நிமிடத்துக்கு மறுபடி ஒலிக்காது. இது தெரியாமல், சத்தம் வரவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று வாடிக்கையாளரும் நினைக்கிறார், கடைக்காரரும் நினைக்கிறார். அடுத்த திருகு இன்னும் பலமாக விழுகிறது.

ஆபத்து அங்கேதான். கழுத்தெலும்புகள் ஏழு. தலை பக்கவாட்டில் திரும்புவதில் ஏறக்குறையப் பாதி, மேலுள்ள முதலிரண்டு எலும்புகளுக்கு நடுவே நிகழ்கிறது. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறி, அதே இடத்தில் வளைந்து உள்ளே நுழைகின்றன. வேகமாகத் திருகும்போது தமனியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறையலாம். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். சலூன் மசாஜுக்குப் பிறகு பக்கவாதம் வந்ததாகக் கர்நாடகத்தின் பல்லாரியிலிருந்து 2024இல் செய்தி வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1993இல், அழகு நிலையத்தில் தலைகழுவக் கழுத்தைப் பின்னால் சாய்த்த ஐந்து பேருக்கு ஏற்பட்ட பாதிப்பை அமெரிக்க நரம்பியலாளர் மைக்கேல் வெயின்ட்ராப் மருத்துவ இதழில் பதிவு செய்தார்.

இது அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, கழுத்தைத் திருகிச் சிகிச்சை செய்பவரிடம் போனவர்களுக்கும் குடும்ப மருத்துவரிடம் போனவர்களுக்கும் இந்த வகைப் பக்கவாதத்தோடு உள்ள தொடர்பு ஒரே மாதிரிதான் என்றது. தமனி ஏற்கெனவே கிழிந்திருந்ததால்தான் கழுத்து வலித்தது, அந்த வலிக்குத்தான் இருவரையும் தேடிப் போனார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். திருகலுக்கு ஆதரவாக இதைக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது நேர்மாறாகத்தான் படுகிறது. சாதாரணக் கழுத்துவலிபோல வருவது கிழிந்த தமனியாகவும் இருக்கலாம் என்றால், என்ன ஏதென்று கேட்காமல் அந்தக் கழுத்தைத் திருகுவதைவிட மோசமான காரியம் வேறென்ன?

"இருபது வருஷமா எடுக்கிறேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால் சுகம் நாற்காலியிலேயே தெரிந்துவிடுகிறது. கேடு சில மணி நேரமோ சில நாளோ கழித்து வேறெங்கோ வருகிறது. பாதிக்கப்பட்டவர் மருத்துவமனைக்குப் போவாரே தவிர சலூனுக்குத் திரும்பி வந்து சொல்லப்போவதில்லை. இன்னொரு பக்கம், தூங்கி எழும்போது பிடித்துக்கொண்ட கழுத்து எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் விட்டுவிடும். அந்தப் பெயரும் நெட்டிக்கே போகிறது.

முடக்குவாதம், எலும்புத் தேய்வு, எலும்பு மெலிவு உள்ளவர்கள் கழுத்தைத் திருகக் கொடுக்கவே கூடாது. மற்றவர்களுக்கு வெந்நீர் ஒத்தடம், மெதுவாக எல்லாப் பக்கமும் கழுத்தை அசைப்பது, தோள்பட்டைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி ஆகியவை போதும். அசையாமல் படுத்துக் கிடப்பதும் மாதக்கணக்கில் கழுத்துப்பட்டை போடுவதும் தசையைப் பலவீனப்படுத்தும். செல்போனைப் பார்த்து 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் 27 கிலோ பாரம் என்று 2014இல் வந்த கணக்கைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது கணினி மாதிரி வைத்துப் போட்ட கணக்கு; யார் கழுத்திலும் அளந்ததல்ல. குனிவதைவிட ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் பலருக்கும் வினை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால், நடை தள்ளாடினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை அறியாத கடும் வலியோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். மற்றபடி சலூனுக்குப் போங்கள், தோளைப் பிசைந்துவிடச் சொல்லுங்கள், அதற்கு உரிய காசையும் கொடுங்கள். கை மோவாய்க்கு வரும்போது மட்டும், "திருப்ப வேணாம்ணே" என்று சொல்லிவிடுங்கள்.