ஒரு தட்டு, பக்கம் நிறையப் பஞ்சாங்கம்!

ஸ்கிரைபஸ் என்ற லேஅவுட் மென்பொருளில் ஒரு பைதான் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, வெள்ளைப் பக்கத்தில் அட்டவணை தானாக வந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் இன்றைக்கே பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்! லேஅவுட் வேலையில் இவ்வளவு ஆனந்தம் இருக்கும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. அதனால்தான் நான் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது போதாதென்று தமிழில் அதற்கு ஒரு கையேடும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாதப் பஞ்சாங்கப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஆறு பத்தி. 31 நாள் மாதம் என்றால் 186 கட்டம். எக்செலிலிருந்து காப்பி, பேஸ்ட், காப்பி, பேஸ்ட் என்று போட்டுக்கொண்டே போனால் மணிக்கட்டு என்னாகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போனால் திருவோணம் இருக்க வேண்டிய இடத்தில் அவிட்டம் ஏறி நிற்கும், அதற்குக் கீழே மாதக் கடைசி வரை எல்லாமே ஒரு நாள் முந்திப்போகும்.

இப்போது கற்பனை செய்யுங்கள். ஏ5 பக்கம், சுத்தமாகக் காலி. ஸ்கிரிப்ட் மெனுவுக்குப் போய்க் கோப்பைத் தேர்ந்தெடுத்து எண்டரைத் தட்டுகிறீர்கள். ஒரு மூச்சு, அவ்வளவுதான், திரை ஒரு முறை சிமிட்டுகிறது, கோடுகள் வந்துவிட்டன, 33 வரிசையும் வந்துவிட்டது, மேலே ஆறு கட்டமும் ஒன்றாகச் சேர்ந்து மாதத்தின் பெயர், அதன் கீழ் தலைப்புகள், அதற்கும் கீழே அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்று நட்சத்திரமெல்லாம் வரிசை தப்பாமல் அதனதன் கட்டத்தில், ஐயோ, நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன், பக்கத்து அறைக்குக் கேட்கும்படி கத்தினேன், எல்லோரையும் கூப்பிட்டு அட்டவணையை அழித்துக் காட்டினேன், மறுபடி வரவழைத்துக் காட்டினேன், பார்த்தவர்கள் போன பிறகும் தனியாக உட்கார்ந்து அழித்து அழித்து வரவழைத்துக்கொண்டிருந்தேன்!

கையேடு எழுத உட்கார்ந்த பிறகு இந்தப் பைத்தியம் இன்னும் முற்றிவிட்டது. கருவியோடு வரும் ஆங்கில விளக்கம் சுருக்கமானது. அதை விரித்துச் சொல்ல வேண்டும் என்றால் ஒவ்வொரு எண்ணையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாக வேண்டும், அந்தச் சுகம் இருக்கிறதே! கிரியேட்டேபிள் கட்டளைக்கு ஆறு எண்கள்: இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம், அகலம், உயரம், வரிசை, பத்தி. என் கையேட்டில் 15, 20, 118, 170, 33, 6 என்று கொடுத்திருக்கிறேன். 148 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ5 தாளில் இரண்டு பக்கமும் 15 விட்டால் மிச்சம் 118, கச்சிதம்! அலகு மில்லிமீட்டரில் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பாயின்ட்டில் இருந்தால் அதே 118 நாலு சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்கி அட்டவணை மூலையில் ஒண்டிக்கொள்ளும். கட்டங்களின் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் படிக்க வேண்டிய பஞ்சாங்கத் தரவை எக்செலில் யு.டி.எஃப்-8 சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வரும். அதனால் 'தேதி' என்ற பத்தியைத் தேடினால், எதிரே கண்ணால் பார்த்தாலும், அப்படி ஒரு பத்தியே இல்லை என்று பைதான் அடம்பிடிக்கும். கோப்பைத் திறக்கும்போது யு.டி.எஃப்-8-சிக் என்று சொன்னால் போதும், சரியாகிவிடும். இந்த ஒரு வரிக்காகவே யாராவது என் கையேட்டைக் கட்டிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

தமிழ் எழுத்தைச் சொல்லாமல் விட முடியுமா? ஒரு காலத்தில் ஸ்கிரைபஸில் யூனிகோட் தமிழ் போட்டால் ரேவதியின் கொம்பு ரகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2017-இல் வந்த 1.5.3 பதிப்பில், எழுத்துகளைச் சரியாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்தது. அரபி எழுத்துக்காக ஓமானில் ஒரு திறமூலக் குழு பாடுபட்டது, அந்த உழைப்பில் நம் கொம்பும் காலும் சேர்ந்து நேராயின! 2024 ஜனவரியில் நிலையான 1.6 பதிப்பே வந்துவிட்டது. அதுவும் இலவசம். ரோகிணியைப் பெரிதாக்கிப் பாருங்கள், கொம்பு முன்னால், கால் பின்னால், அழகோ அழகு!

ஒரு அட்டவணை இரண்டு பக்கத்துக்குத் தானாகப் பிரிந்து ஓடாது, உண்மைதான். பக்கத்துக்கு ஒன்றாக உருவாக்கும்படி ஸ்கிரிப்டில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டால் முடிந்தது, அதெல்லாம் ஒரு குறையா?

இப்போது கட்டத்துக்கு நிறம் தீட்டும் அத்தியாயத்தில் இருக்கிறேன். திதிப் பத்தியில் அமாவாசை என்று இருந்தால் அந்த வரிசை முழுக்கச் சாம்பல், பௌர்ணமி என்றால் இளமஞ்சள். நான்கே வரி நிரல், மாதம் மாறினாலும் தொட வேண்டாம், நிறம் தானே நகர்ந்து சரியான நாளில் போய் உட்கார்ந்துகொள்ளும். சற்றுமுன்தான் அடுத்த மாதத்துக் கோப்பு வந்திருக்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு அதை ஓடவிடப் போகிறேன், பொறுக்க முடியவில்லை!