சலக்கடுப்பும் நீர்க்கடுப்பும்

சிறுநீர்ப்பாதைத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது குடலில் வாழும் ஈகோலை பக்டீரியா. அதற்குக் கடல் கடந்தாலும் குணம் மாறாது. எரிவு, அடிக்கடி முட்டுதல், அடிவயிற்று நோ ஆகியவற்றை இங்கே, கொழும்பை அடுத்த தெஹிவளையில் சலக்கடுப்பு என்பர், சென்னையில் நீர்க்கடுப்பு என்பர். ஆனாலும் சென்னைக்குப் போனால்தான் இது சரியாகப் பிடிபடும் என்ற பேச்சு கொழும்பிலேயே உண்டு. இந்த நோயைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரமில்லை.

தெஹிவளையில் வைத்தியர் முதலில் கேட்பது யூரின் ஃபுல் ரிப்போட். சீழ்க்கலங்கள் கூடியிருந்தால், தேவையைப் பொறுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் ஏபிஎஸ்டியும் எழுதுவார். தமிழ்நாட்டுச் சீட்டில் இவை யூரின் ரொட்டீன், கல்ச்சர் அண்ட் சென்சிட்டிவிட்டி என்றிருக்கும். ஒரு மில்லிலீட்டரில் ஒரு இலட்சம் கிருமி என்ற, 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் வகுத்த அளவுகோலே இரு இடத்தும் அடிப்படை. நடுச்சலத்தைக் கிருமி நீக்கிய போத்தலில் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். பிந்துமானால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். காலி வீதி நெரிசலில் வெக்கையில் கிடந்த போத்தலில் கிருமி பெருகி, இல்லாத நோயையும் காட்டிவிடும். முதல் குளிசைக்கு முன்னரே சலம் கொடுப்பதும் அவ்வளவு முக்கியம்.

எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இரு நாட்டு வழிகாட்டிகளிலும் நைட்ரோபியுரன்டொயின் என்ற அன்டிபயோடிக் முன்னிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் 3 கிராம் பொஸ்போமைசினையும் சொல்கிறது. நைட்ரோபியுரன்டொயின் சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு உதவாது, பிரசவம் நெருங்கியவருக்கும் ஆகாது. தெஹிவளைப் பாமசியில் வாங்கும் குளிசை அநேகமாக இந்தியத் தயாரிப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்டிபயோடிக்கைச் சீட்டின்றி விற்கக்கூடாது என்பது இரு நாட்டிலும் சட்டம். இந்தியாவில் 2012இல் சென்னைப் பிரகடனம் கிருமிகள் மருந்துக்குக் காட்டும் எதிர்ப்பாற்றல் பற்றி எச்சரித்தது, 2014 மார்ச்சில் சீட்டின்றி விற்பதைக் கட்டுப்படுத்தும் எச்-1 அட்டவணை வந்தது. ஆனால் சீட்டில்லா விற்பனை நின்றுவிடவில்லை. இங்கும் தெரிந்த கடைக்காரர் கொடுப்பதுண்டு. இருந்தும் அருகிலுள்ள களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையில் வெளிநோயாளருக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பதால், கடையையே வைத்தியராக்கும் தேவை குறைவு. தமிழ்நாட்டு அரச மருத்துவமனைகளும் மருந்தை இலவசமாகவே தருகின்றன. கொழும்பிலிருந்து போகிறவர் அங்கே வரிசையில் நிற்பதில்லை. தனியார் மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வந்தே ஒப்பிடுகிறார், இக்கட்டுரையின் சென்னையும் பெரும்பாலும் அதுதான்.

வீட்டு வைத்தியத்தில் இங்கே பொல்பலா அவித்த நீர், செவ்விளநீர். அங்கே நெருஞ்சி, பார்லிக் கஞ்சி. பொல்பலா என்பது தமிழ்நாட்டார் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையேதான். குடிக்க இதமான பானம், தெஹிவளையில் அதற்குத் தனி மதிப்பு. தொற்றை அது மாற்றாது.

கர்ப்பிணிக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சலத்தில் கிருமி கண்டால் மருந்து வேண்டும். அறிகுறியற்ற முதியவருக்கு ரிப்போட்டை மட்டும் பார்த்துக் கொடுக்கத் தேவையில்லை. காய்ச்சல், நடுக்கம், விலா நோ, சத்தி சேர்ந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். களுபோவிலயில் அதற்கும் கட்டணமில்லை.